ஒரு விரல் முன்னால் இருந்த கோப்பை

ஜனவரி 6, திங்கள்

கோயம்புத்தூர் போய் வந்தாயிற்று. ஸ்கேனில் கர்ப்பப்பையில் மூன்று கட்டிகள். பெரியது ஆறு சென்டிமீட்டர், பெரிய எலுமிச்சம்பழம் அளவு என்றார் டாக்டர் விஜயகுமாரி. டாக்டர்களுக்கு எல்லாமே ஏன் பழக்கடையாகத் தெரிகிறதோ. புற்று இல்லை, வெறும் நார்க்கட்டி, ஆனால் மாதத்தில் பத்து நாள் இப்படி ரத்தம் போனால் உடம்பு தாங்காது என்றார். ஹீமோகுளோபின் எட்டரை. நாற்பத்தைந்து வயதாகிவிட்டது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாமே என்று, கடையில் பழைய மிக்ஸியை மாற்றச் சொல்வதுபோலச் சொன்னார்.

"மூணு நாலு நாள் அட்மிஷன். கூட யார் இருப்பாங்க?"

"யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்."

ஆபரேஷனுக்குச் சேர ஒரு படிவம் கொடுத்தார். கணவர் பெயர் என்ற இடத்தில் கோடு போட்டேன். பதின்மூன்று வருடமாக அங்கே கோடுதான், கை தானாகப் போகிறது. அதற்குக் கீழே 'உடன் இருப்பவர் பெயர், உறவு' என்று ஒரு வரி. பேனாவை மூடி, படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். என் உடம்பில் இருப்பதை எடுத்துப்போட எனக்கு மனமில்லை. அவ்வளவுதான் காரணம்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆய்வைப் பற்றிச் சொன்னார் என்று நினைக்கிறேன். இந்தக் கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன்தான் தீனியாம். கிரீன் டீயில் இருக்கும் ஒரு சத்து அந்த வளர்ச்சியைத் தடுக்குமா என்று பார்க்கிறார்களாம். "சின்னச் சின்ன ஆய்வுல நல்லா வந்திருக்கு. நிச்சயமாச் சொல்ல முடியாது, அதனாலதான் இதை நடத்தறோம்" என்றார். நான்கு மாதம், தினம் இரண்டு காப்ஸ்யூல். பாதிப் பேருக்கு உண்மையான சாறு, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தச் சத்துக்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். எங்கள் தொழிலில் அதற்குத் துவர்ப்பு என்று பெயர். பத்தொன்பது வருடமாகக் குன்னூரில் தேயிலை ருசி பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன், கடைசியில் அதே தேயிலை மாத்திரையாகி வந்து நிற்கிறது.

ஆய்வு அலுவலகத்தில் இருந்த பெண் கேட்டாள்: "கிரீன் டீ குடிப்பீங்களா மேடம்? குடிச்சா சேர்க்க மாட்டோம்."

"குடிக்கறதே இல்லை."

பொய் இல்லை. நாங்கள் உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிடுவோம். நான் டீயை விழுங்கி எத்தனையோ வருடம் ஆகிறது.

ஜனவரி 8, புதன்

நேற்றிலிருந்து காப்ஸ்யூல். ஆய்வுக்காரர்கள் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். காப்ஸ்யூல் எடுத்த நேரம், எத்தனை நாப்கின், வலி பத்துக்கு எவ்வளவு, வேறு குறிப்பு. 'வேறு குறிப்பு' அரை அங்குலம்தான். மீதியை இங்கே எழுதிக்கொள்கிறேன்.

காலை பதினொரு மணிக்கு அந்தப் பெண் போனில் அழைத்தாள். பெயர் யாழினி. ஒவ்வொரு புதன்கிழமையும் இதே நேரம் அழைப்பாளாம். "சுலோச்சனா மேடம், எப்படி இருக்கீங்க? தூக்கம் எப்படி? சாப்பாடு எப்படி? மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். மனசா? நல்லா இருக்கு என்றேன்.

ரத்தப்போக்கு ரொம்ப அதிகமானால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்களாம். பிறகு ஆபரேஷன்தான்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். ஃபாக்டரி லீவு, ஆஸ்பத்திரி ஆய்வுக்காரர்களுக்கும் லீவு. தெரியும். இருந்தாலும் பத்தே முக்காலிலிருந்து பன்னிரண்டு வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துணி துவைத்தேன். காயவில்லை.

ஜனவரி 22, புதன்

யாழினியிடம் சொல்வதற்கு மூன்று விஷயம் சேர்த்து வைத்திருந்தேன். காட்டெருமை குவார்ட்டர்ஸ் வாசல்வரை வந்தது, புதிதாக ஒரு ஸ்வெட்டர் வாங்கியது, இடது காலில் சுளுக்கு. சுளுக்கை மட்டும் எழுதிக்கொண்டாள். காட்டெருமைக்கு "அய்யோ!" என்றாள். அந்த 'அய்யோ' எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஜனவரி 30, வியாழன்

உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. இந்த வாரம் வந்த தேயிலை அத்தனையும் சப்பென்று இருக்கிறது, பனி கருக்கிவிட்டது போலும். இருபது கோப்பை வைத்தால் இருபதும் வெந்நீர்.

பேபியைத் திட்டினேன். பேபி என் ருசி அறையில் தண்ணீர் கொதிக்கவைப்பவள். இலையை நிறுத்துப் போட்டு, மணி பார்த்து வடித்து, கோப்பைகளை வரிசையாக அடுக்குவாள், நான் முடித்ததும் கொட்டிக் கழுவுவாள். பதினொரு வருடமாக இருவரும் ஒரே மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். தண்ணீரைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசிக்கொண்டதில்லை.

"தண்ணி கொதிச்சுதா பேபி?"

"தளதளன்னு கொதிச்சுது மேடம்."

"பின்ன ஏன் இப்படி இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். "நாளைக்கு வேற தண்ணி வெக்கறேன்" என்றாள்.

பிப்ரவரி 6, வியாழன்

மாதப் பரிசோதனை. கல்லீரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. கிரீன் டீ சாறு அதிகமானால் சிலருக்குக் கல்லீரல் கெடுமாம், அதனால் மாதாமாதம் பார்க்கிறார்கள். அது சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் ஏழு புள்ளி எட்டு.

"நோட்டுல போக்கு குறைஞ்ச மாதிரி எழுதியிருக்கீங்க. ரத்தம் ஏன் ஏறலை?" என்று கேட்டார் டாக்டர்.

அவர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரையை டீயோடு போட்டுக்கொண்டேன் என்று ஒரு பொய் சொன்னேன். டீயோடு போட்டால் இரும்பு உடம்பில் சேராது, எலுமிச்சைச் சாறோடு போடுங்கள் என்று பத்து நிமிடம் பாடம் எடுத்தார். தலையாட்டினேன். நோட்டில் ஐந்து என்று எழுதிய நாள்களில் உண்மையில் ஒன்பது நாப்கின். ஆனால் அதில் இரண்டு மூன்று முழுக்க நனையவில்லை.

பிப்ரவரி 12, புதன்

"இந்த வாரம் எப்படி இருக்கு மேடம்?"

"குறைஞ்சிட்டே வருது யாழினி."

"ரொம்ப சந்தோஷம் மேடம்!"

அவள் குரலில் அந்தச் சந்தோஷம் நிஜம். என்னால் ஒருத்தி சந்தோஷப்பட்டு எவ்வளவு நாளாயிற்று.

பிப்ரவரி 13, வியாழன்

பதினொன்று. நோட்டில் நான்கு.

பிப்ரவரி 20, வியாழன்

பேபி கோப்பைகளைக் கோணலாக வைக்க ஆரம்பித்திருக்கிறாள். ராணுவ வரிசை போல நிற்க வேண்டியவை. இன்று ஏழாவது கோப்பை மற்றவற்றைவிட ஒரு விரல் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. எரிச்சலோடு அதை எடுத்து இன்னொருமுறை பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று பட்டது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை, 'புகை வாடை' என்று எழுதி அந்தத் தேயிலையை அனுப்பாமல் நிறுத்திவைத்தேன்.

மாலையில் மேனேஜர் குரியன் சார் வந்தார். உலர்த்தும் அடுப்பில் ஒரு தகடு விரிசல் விட்டு உள்ளே புகை கசிந்திருக்கிறது. "சுலோச்சனா, உங்க நாக்கைத் தங்கத்துல கட்டி வெக்கணும்" என்றார். பேபி கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடக்கிறது. யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று தெரியவில்லை. நின்றுதான் ருசி பார்க்க வேண்டும் என்பது முறை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

திருப்பூரில் இருக்கும் தங்கை சாரதாவுக்குப் போன் செய்தேன். ஆபரேஷன் என்று எதுவும் முடிவாகவில்லை, ஒருவேளை செய்தால் என்று கேட்டுப் பார்த்தேன்.

"அக்கா, பொண்ணுக்குப் பிளஸ் டூ பரீட்சை. அது முடிஞ்சா நீட். நான் நகர முடியாது. ஏப்ரல், மே தாண்டட்டுமே? இல்லைன்னா ஆஸ்பத்திரியிலேயே ஆள் கிடைப்பாங்களே, காசு குடுத்தா?"

"நான் சும்மாதான் கேட்டேன்."

"கோவிச்சுக்காதேக்கா."

கோபம் எதற்கு. அவள் சொன்னது நியாயம்தான். சாம்பார் வைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேனா என்று சந்தேகம், இன்னொருமுறை போட்டேன்.

மார்ச் 5, புதன்

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு யாழினி வழக்கம்போல அழைத்தாள், நான் வழக்கம்போலப் பதில் சொன்னேன். போனை வைத்த பிறகு கைப்பையிலிருந்து ஒரு காப்ஸ்யூலை எடுத்தேன். இரண்டு மாதமாக விழுங்குகிறேனே, இது உண்மைச் சாறா மாவா என்று ஒரு வேகம். ஆய்வில் இருக்கும் மற்ற பெண்களுக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எனக்கு ஒரு கோப்பை போதும்.

ருசி மேசையில் வெள்ளைக் கோப்பையை வைத்து, காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டினேன். வெளிறிய பழுப்புப் பொடி. மாவுக்கும் நிறம் சேர்ப்பார்கள், அதை நம்பக்கூடாது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். ஒன்றுமில்லை. கசப்பில்லை, துவர்ப்பில்லை, நாக்கின் ஓரம் இழுக்கவில்லை. மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தேன். சுண்ணாம்புச் சுவரை நக்கியதுபோல இருந்தது.

மாவு. எனக்குக் கிடைத்தது மாவு.

கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அழுகையாக வந்தது.

மார்ச் 6, வியாழன்

தெரிந்த பிறகும் இன்று காலை இரண்டு காப்ஸ்யூல் எடுத்துக்கொண்டேன். நிறுத்தினால் அடுத்த புதன் சொல்லவேண்டி வரும்.

மார்ச் 10, திங்கள்

கையில் தெம்பு இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

காலை மூன்றாவது வரிசை பார்க்கும்போது கண் இருட்டியது. துப்பும் தொட்டியைப் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது. கண் திறந்தபோது தரையில், பேபியின் மடியில் தலை. அவள் தன் சால்வையை என் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தாள். சேலை முழுக்கக் கறை. யாரும் வரவில்லை, அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

"எத்தனை மாசமா இப்படிப் போகுது மேடம்?"

அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கட்டி, ஆய்வு, காப்ஸ்யூல். "கடைசில மாவைக் குடுத்து என்னை ஏமாத்திட்டாங்க பேபி" என்றேன்.

"மாவா? புதன்கிழமை கோப்பையில வெச்சிட்டுப் போனீங்களே, அதுவா?"

"அதேதான்."

"கழுவறதுக்கு முன்னாடி நான் நாக்குல வெச்சுப் பாத்தேன். அன்னைக்குப் பூரா வாய் இழுத்துக்கிட்டு இருந்துச்சு. அப்படி ஒரு கசப்பு."

நான் நம்பவில்லை. கைப்பையிலிருந்து இன்னொரு காப்ஸ்யூலை எடுத்துப் பிரிக்கச் சொன்னேன். ஒரு சிட்டிகை அவள் நாக்கில், ஒரு சிட்டிகை என் நாக்கில். அவள் முகம் சுளித்து, கண்ணில் நீர் வந்து, ஓடிப்போய்த் துப்பினாள். எனக்குச் சுண்ணாம்புச் சுவர்தான்.

பேபி மூன்று கோப்பை வைத்தாள். ஒன்றில் வெறும் வெந்நீர், ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் ஐந்து நிமிடம் ஊறிய முதல் தரத் தேயிலை. கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினேன். மூன்றும் ஒன்று.

கை கழுவும் இடத்துச் சுவர்க் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். வழவழவென்று, சிவப்பாக, கழுவிவைத்த பீங்கான் போல. ரத்தம் இல்லாமல் போனால் நாக்கு இப்படி ஆகும் என்று டாக்டர் கொடுத்த அறிகுறிப் பட்டியலில் படித்திருக்கிறேன். படித்து என்ன.

பனி கருக்கவில்லை. தண்ணீரில் குற்றமில்லை. ஜனவரியிலிருந்தே எனக்கு ருசி தெரியவில்லை.

"அப்போ அந்தப் புகை வாடை? இத்தனை வாரமா நான் பிரிச்சு வெச்சதெல்லாம்?"

பேபி தலையைக் குனிந்துகொண்டாள். "கெட்டுப்போனதை ஒரு விரல் முன்னாடி தள்ளி வெச்சேன் மேடம். நீங்க அதை எடுப்பீங்கன்னு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினொரு வருஷமா மிச்சத்தைக் கொட்டறது நான்தானே. கொட்டறதுக்கு முன்னாடி ஒரு வாய் குடிப்பேன். நீங்க நோட்டுல என்ன எழுதியிருக்கீங்கன்னு பாத்துக்குவேன்."

கோணலாக வைக்கிறாய் என்று அவளை எத்தனை நாள் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 12, புதன்

பதினொரு மணி.

"சுலோச்சனா மேடம், இந்த வாரம்..."

"யாழினி, நோட்டுல நான் எழுதினதெல்லாம் பொய். நாலுன்னு எழுதினா பதினொண்ணு. அஞ்சுன்னு எழுதினா ஒம்பது. காப்ஸ்யூலையும் பிரிச்சுப் பாத்துட்டேன்."

எண்களை இன்னொருமுறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். பிறகு மெதுவாக, இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், என் பெயரை ஆய்விலிருந்து எடுக்கவேண்டி வரும், உடனே வந்து ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றாள். சொல் என்றேன். நான் மதிப்பெண் போட்ட தேயிலையை நம்பித்தான் கடைக்காரர் மூட்டை எடுக்கிறார். என் நான்கையும் ஐந்தையும் நம்பி நாளைக்கு எத்தனை பெண்கள் இந்தக் காப்ஸ்யூலை வாங்கி விழுங்குவார்கள்? என் கட்டிக்கு அது ஒன்றும் செய்யவில்லை. இன்னொருத்திக்குச் செய்யலாம், செய்யாமலும் போகலாம். அதைச் சொல்ல நியாயமான கணக்கு வேண்டும், அதை நான் கெடுத்துவிட்டேன்.

கடைசியில் அவள் பட்டியலில் இல்லாத ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க்கா முதல்லயே சொல்லலை?"

சொன்னால் நீ அப்புறம் போன் செய்ய மாட்டாயே என்பதுதான் பதில். "தெரியலைம்மா" என்றேன்.

மார்ச் 19, புதன்

கோயம்புத்தூரில் இரண்டு நாள் போய் வந்து ரத்தம் ஏற்றிக்கொண்டேன். அதற்கு உடன் ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. ஏப்ரல் இரண்டாம் தேதி ஆபரேஷன் என்று குறித்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். கேஸ் சிலிண்டர்காரர்.

மார்ச் 20, வியாழன்

குரியன் சாரிடம் உள்ளதைச் சொன்னேன். இரண்டு மாதமாக ருசி பார்த்தது பேபி என்றேன். அவர் சிரித்தார். பிறகு பத்துக் கோப்பை வைத்து அவளைப் பார்க்கச் சொன்னார். இப்போது சிரிப்பதில்லை. நான் திரும்பி வரும்வரை மேசையின் இந்தப் பக்கம் பேபி நிற்கிறாள்.

மார்ச் 21, வெள்ளி

கைப்பையில் மடித்த இடமெல்லாம் கிழியத் தொடங்கியிருக்கும் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். இந்த ஒரு வரிக்காகத்தான் மூன்று மாதம் ரத்தத்தை விட்டிருக்கிறேன். கர்ப்பப்பைமேல் எனக்கு அப்படி ஒன்றும் பிரியம் கிடையாது. கேட்க ஆள் இல்லை என்பதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, என்னிடமேகூட.

பேபி கோப்பை துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் போய் நின்றேன். வேலைக்கு லீவு கேட்பதுகூட இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"பேபி, எனக்குக் கூட இருக்க யாரும் இல்லை. நாலு நாள். வர முடியுமா?"

அவள் துடைத்த கோப்பையையே இன்னொருமுறை துடைத்தாள். "தண்ணி கொதிக்கலைன்னு அங்கயும் திட்டுவீங்களா?"

"திட்டுவேன்."

"அப்போ சரி. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு வரேன். அவருக்குச் சமைக்கத் தெரியும், தெரியாத மாதிரி நடிக்கறார்."

பேனாவை எடுத்தேன். பிறகுதான் உறைத்தது. "உன் முழுப் பேர் என்ன?"

"ரேஷன் கார்டுல நேசமலர்."

பதினொரு வருடம். எழுதினேன். உறவு என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

வார்டில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணல். புதன்கிழமை பதினொரு மணிக்கு நான் மயக்கத்தில் இருந்தேன். யாராவது அழைத்திருந்தாலும் தெரிந்திருக்காது. நன்றாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். நாக்கு சரியாக இரண்டு மூன்று மாதம் ஆகலாம், முழுக்கச் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். பயமாகத்தான் இருக்கிறது.

சேர்ந்த அன்றைக்கு நர்ஸ் படிவத்தைப் பார்த்துவிட்டு, உறவு என்ற இடம் காலியாக இருந்ததால், எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்துத் தானே 'சகோதரி' என்று எழுதிக்கொண்டாள். நாங்கள் திருத்தவில்லை.

இன்று காலை டீ குடிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. நேசமலர் கேன்டீனுக்குப் போய் ஃபிளாஸ்க்கில் வாங்கிவந்தாள். "இரும்பு மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி இருக்கு, நர்ஸ்கிட்ட கேட்டுட்டேன்" என்றாள். தம்ளரில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தாள்.

உறிஞ்சினேன். வாய்க்குள் உருட்டினேன். பழக்கதோஷத்தில் தலை இடது பக்கம் திரும்பியது, துப்பும் தொட்டி இருக்கும் பக்கம். அங்கே ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருக்கு மேடம்?"

விழுங்கினேன். "ருசி தெரியலை நேசமலர். சூடா இருக்கு."

"நான் ஒரு வாய் பாக்கட்டுமா?"

தம்ளரை நீட்டினேன். அவள் குடித்துப் பார்த்து, "தூள் மட்டம், சக்கரை அதிகம், பால் பரவாயில்லை" என்று சொல்லித் திருப்பித் தந்தாள். மீதியை நான் குடித்து முடித்தேன்.